குயில்ட்டின் கரைகளை இயந்திரத்தில் குயில்ட்டிங் செய்வது: அளவெடுப்பது முதல் பைண்டிங் வரை

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்றடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வையே குயில்ட், அந்த அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதே குயில்ட்டிங். குயில்ட்டின் நடுப்பகுதியைப் பொறுமையாகத் தைத்து முடித்தவர்களில் பலர், அதைச் சூழ்ந்த பட்டியான கரைக்கு வந்து சேரும்போது களைத்துப்போய், மீதமுள்ள இடத்தை ஏதாவதொரு வளைகோட்டால் நிரப்பிவிட்டு, விளிம்பை மூடும் பைண்டிங் பட்டியை வைக்கத் துடிக்கிறார்கள். குயில்ட் கட்டிலில் தட்டையாகப் படிவதும், சுவரில் தொங்கும்போது ஓரம் அலையலையாக நெளியாமல் நிற்பதும் பெரும்பாலும் கரையைப் பொறுத்தவை. ஆகவே எந்த வடிவத்தைத் தைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது, எந்த வரிசையில் தைப்பது என்னும் இரண்டும் முடிவாகிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறகு, கொடி போன்ற வடிவங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

இங்கே சொல்லப்படுபவை வீட்டில் வைத்துத் தைக்கும் சாதாரண இயந்திரத்துக்கானவை. விளக்குவதற்கு வசதியாக ஒரு குயில்ட்டை எடுத்துக்கொள்வோம்: 12 அங்குலக் கட்டங்கள் குறுக்கே 5, நெடுக்கே 6 என 30 சேர்ந்த, 60-க்கு 72 அங்குல நடுப்பகுதி, சுற்றிலும் 6 அங்குலக் கரை, எல்லாம் முடிந்த பிறகு 72-க்கு 84 அங்குலம்.

கரையை வெட்டி இணைக்கும்போதே கவனிக்க வேண்டியவை

கரை நெளிவதற்கான காரணம் பல நேரங்களில் குயில்ட்டிங்கில் இருப்பதில்லை. அதற்கு வெகு முன்பே நுழைந்துவிடுகிறது. நீளமான பட்டியை எடுத்து, நடுப்பகுதியின் ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சுவதை வெட்டிவிடும் பழக்கம்தான் முதல் குற்றவாளி. நடுப்பகுதியின் ஓரங்களில் தையல்கள் பல முடிவதாலும், கையாளக் கையாள அவை இழுபடுவதாலும், ஓரத்தின் நீளம் நடுவின் நீளத்தைவிடச் சற்றுக் கூடியிருக்கும். அந்த ஓரத்துக்கு ஏற்பப் பட்டியும் நீண்டுவிட்டால், அந்த மிகுதியை எந்தக் குயில்ட்டிங்காலும் முழுதாக மறைக்க முடியாது.

எனவே நடுப்பகுதியை இஸ்திரி போட்டுத் தரையில் விரித்து, ஓரத்தை விட்டுவிட்டு, நடுவிலும் அதற்கு இரு பக்கங்களிலும் என மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில், தையலுக்கான இடத்தையும் சேர்த்து, அது 60½-க்கு 72½ அங்குலமாக இருக்கும். பக்கவாட்டுப் பட்டிகள் இரண்டையும் 6½-க்கு 72½ அங்குலமாக வெட்டி இணைத்த பிறகு, குறுக்களவை மீண்டும் எடுக்க வேண்டும். இந்தக் குயில்ட்டில் அதுவும் 72½ அங்குலமாகவே வருவதால், நான்கு பட்டிகளும் ஒரே அளவாக அமைந்துவிடுகின்றன. பட்டியையும் ஓரத்தையும் தனித்தனியே நான்காக மடித்துக் குறித்து, குறிகளைச் சேர்த்து ஊசி குத்தி, இடையிலுள்ள தளர்வைச் சீராகப் பரப்பித் தைக்க வேண்டும்.

துணி போதுமான அளவு இருந்தால், பட்டிகளைப் பாவு நூலின் போக்கிலேயே, அதாவது துணியின் நீளவாக்கிலேயே, வெட்டுவது நல்லது. ஊடைப் போக்கில் வெட்டிய பட்டி கூடுதலாக நீண்டுகொடுக்கும். அத்தகைய பட்டியில் அடர்த்தியான தையல் போட்டால் ஓரம் இழுபட்டு அலையாவதற்கு வாய்ப்பு அதிகம். இணைத்த தையலைக் கரைப் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால், நடுப்பகுதியின் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். பின்னால் இணைப்புத் தையல் ஓடும் அந்தப் பள்ளத்தில் தையல் போடும்போது ஊசி தாழ்ந்த பக்கத்தில் ஓடினால், தையல் கண்ணில் படாது.

மூன்றடுக்கும் ஊக்குகளும்

பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும். இது வீண் அல்ல. கரையின் வெளி ஓரத்தில் தைக்கும்போது கைக்குப் பிடிமானம் வேண்டும். தையலை மேல்துணிக்கு வெளியே, பஞ்சிலேயே தொடங்கிப் பஞ்சிலேயே முடிக்கவும் இந்த இடம் உதவுகிறது. அப்படித் தொடங்கும் கோடுகளுக்கு முடிச்சே தேவையில்லை, பைண்டிங் தையல் அவற்றைப் பூட்டிவிடும்.

அடித்துணியைத் தரையிலோ பெரிய மேசையிலோ சுருக்கமின்றி, ஆனால் இழுத்து நீட்டாமல், நாடா ஒட்டி நிறுத்தி, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு வீதம் குத்த வேண்டும். நடுவில் நெருக்கமாகக் குத்திவிட்டுக் கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுவது பரவலான பழக்கம். உண்மையில் நடுப்பகுதி தைத்து முடியும்வரை கரைதான் அதிகமாகப் புரட்டப்பட்டு, மடிக்கப்பட்டு, இழுக்கப்படுகிறது. ஆகவே ஊக்குகள் அங்கே கூடுதலாகவே இருக்க வேண்டும்.

நெருக்கம் முதலில், வடிவம் அடுத்து

ஒவ்வொரு தையல் கோடும் துணியைச் சிறிதளவு உள்ளிழுக்கிறது. பஞ்சின் தடிமனுக்குள் துணி மேலும் கீழுமாக இறங்கி ஏறுவதால், தைத்த பரப்பு தைக்காத பரப்பைவிடச் சுருங்கும். கோடுகள் நெருங்க நெருங்கச் சுருக்கம் கூடும். நடுப்பகுதியில் 1 அங்குல இடைவெளியில் கோடுகளும் கரையில் 4 அங்குல இடைவெளியும் இருந்தால், நடுப்பகுதி சுருங்க, கரை பழைய நீளத்திலேயே நின்று நெளியும். மாறாகக் கரை மிக நெருக்கமாகவும் நடுப்பகுதி தளர்வாகவும் இருந்தால், ஓரம் இறுக்கிப் பிடிக்க நடுப்பகுதி மேலெழும்பிக் கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கும். துவைத்தால் பருத்திப் பஞ்சு சுருங்கும் என்பதால், இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

ஆகவே கரையின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நடுப்பகுதியில் தைக்கப்படாமல் விடப்பட்ட மிகப் பெரிய இடைவெளியை அளந்து பாருங்கள். கரையிலுள்ள மிகப் பெரிய இடைவெளி அதற்கு ஏறக்குறைய சமமாக இருப்பது பாதுகாப்பானது. ஒன்றரை மடங்குக்கு மேல் போக விடாதீர்கள் என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல். பஞ்சு விரிப்பின் உறையில் தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று அச்சிடப்பட்டிருக்கும். அது பஞ்சு கலையாமல் இருப்பதற்கான எல்லை மட்டுமே. தட்டையாகப் படிவதற்கான அளவு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கரைக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம்

கரையை நடுப்பகுதியின் தொடர்ச்சியாகவும் பார்க்கலாம், நடுப்பகுதியைச் சூழ்ந்த சட்டமாகவும் பார்க்கலாம். முதல் வகையில், நடுவில் ஓடும் வளைகோடோ நேர்கோடோ கரையின் தையலைப் பொருட்படுத்தாமல் ஓரம்வரை ஓடிவிடும். நெருக்கம் எங்கும் ஒன்றாக இருப்பதால் நெளிவுக்கு இடமில்லை. அன்றாடம் போர்த்தி அடிக்கடி துவைக்கும் குயில்ட்டுகளுக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை. கரை 2 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும்போதும் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் தனி வடிவம் நெருக்கியடித்ததுபோல் தோன்றும்.

இரண்டாவது வகையில் துணியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெரிய பூக்களும் பல வண்ணங்களும் நிறைந்த அச்சுத் துணியில் எவ்வளவு நுணுக்கமான இறகு தைத்தாலும், மூன்றடி தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. அங்கே உழைப்பை வீணாக்காமல் எளிய கோடுகளோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். ஒற்றை வண்ணத் துணியும், அதற்கு இணையான மெல்லிய அச்சுத் துணியும்தான் தையலின் நிழலை வெளிக்காட்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லாங்காஸ்டர் மாவட்டத்தில் வாழும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவாக்கிய குயில்ட்டுகள் இதற்குச் சிறந்த பாடம். நடுவில் பெரிய எளிய உருவம், சுற்றிலும் ஒற்றை வண்ணக் கம்பளித் துணியில் அகன்ற கரை, அந்தக் கரை நெடுக இறகுகளும் கயிற்றுப் பின்னல்களும். துணித் துண்டுகளை மிதி இயந்திரத்தில் இணைத்த அவர்கள் குயில்ட்டிங்கை மட்டும் கையாலேயே செய்தார்கள். எனினும் கரையில் எதை எங்கே வைப்பது என்பதை இயந்திரத்தில் தைப்பவர்களும் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நடுப்பகுதிக்கும் அகன்ற கரைக்கும் இடையே 1 அல்லது 1½ அங்குலத்தில் மெல்லிய உள்கரை இருந்தால், அதன் இரு பக்கத் தையல் பள்ளங்களிலும் ஒரு கோடு ஓட்டிவிட்டு உள்ளே எதுவும் தைக்காமல் விடலாம். அது சற்று உப்பி, தானாகவே ஒரு சட்டமாகத் தெரியும்.

இயந்திரத்தின் ஆயத்தம்

நேர்கோடுகளுக்கு வாக்கிங் ஃபுட் என்னும் அழுத்துபாதம் இன்றியமையாதது. மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர்வரை, அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 தையல்கள். வளைந்த வடிவங்களுக்கு ஊட்டுப் பற்களைக் கீழிறக்கி, ஃப்ரீ மோஷன் ஃபுட் பொருத்தி, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். 50 எண் பருத்தி நூலுக்கு 80/12 ஊசியும், சற்றுத் தடித்த 40 எண் நூலுக்கு 90/14 ஊசியும் பொருந்தும். அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் கொண்டு ஒரு சிறு மாதிரி அடுக்கு செய்து, நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) சரிபார்த்த பிறகே குயில்ட்டைத் தொட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நிறைந்த பாபினோடு தொடங்கினால், நீண்ட கோட்டின் நடுவில் கீழ்நூல் தீர்ந்துபோகும் தொல்லை குறையும்.

கரையைத் தைப்பதில் ஒரு வசதி உண்டு. குயில்ட்டின் பெரும்பகுதி இயந்திரத்தின் கைக்குள் திணிக்கப்படாமல் இடப்பக்க மேசையின்மேல் கிடக்கும். ஊசிக்கு வலப்பக்கம் கரை மட்டுமே இருக்கும். அந்தக் கனம் மேசையிலிருந்து கீழே தொங்கினால் கோடு கோணும், ஊசியும் வளையும். ஆகவே இடப்பக்கமும் பின்பக்கமும் இயந்திரத்தின் மட்டத்துக்கே மேசையோ இஸ்திரிப் பலகையோ போட்டுத் தாங்க வைக்க வேண்டும்.

எந்த வரிசையில் தைப்பது

முதலில் கட்டங்களுக்கு இடையிலுள்ள முக்கியமான தையல் பள்ளங்களையும், நடுப்பகுதியைக் கரையோடு இணைக்கும் பள்ளத்தையும் வாக்கிங் ஃபுட்டால் தைத்துவிட வேண்டும். கரையோரப் பள்ளத்தில் ஓடும் இந்தக் கோடுதான் மொத்த வேலைக்கும் நங்கூரம். அது போடப்பட்ட பிறகு நடுப்பகுதியில் நடக்கும் இழுபறி கரைக்குப் பரவாது. அடுத்து நடுப்பகுதியை நடுவிலிருந்து வெளிநோக்கி முடித்துவிட்டு, குயில்ட்டை விரித்து எதிரெதிர்ப் பக்கங்களை அளக்க வேண்டும். நடுப்பகுதி சுருங்கியிருக்கும், பழைய அளவை வைத்துக்கொண்டு வடிவத்தைக் கணக்கிட்டால் மூலையில் இடிக்கும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் கவந்தி குயில்ட்டுகள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகின்றன. அங்கே மேல்துணி முன்கூட்டியே இணைக்கப்படுவதில்லை. துண்டுகளை வைத்து வைத்துத் தைத்துச் செல்வதால் மிகுதி என்பதே சேர்வதில்லை. மேல்துணியை முழுதாக இணைத்துவிட்டுத் தைக்கும் நம் முறையில் அந்த வரிசை பொருந்தாது. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் தளர்வெல்லாம் பள்ளத்தருகே குவிந்து மடிப்பாகிவிடும்.

கரையின் வெளி ஓரத்தைத் தற்காலிகத் தையலால் நிறுத்துவதா வேண்டாமா என்பது தைக்கப்போகும் முறையைப் பொறுத்தது. வளைந்த வடிவங்கள் தைப்பதாக இருந்தால், மேல்துணியின் விளிம்பிலிருந்து அரைக்கால் (⅛) அங்குலம் உள்ளே, 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளத் தையலால் சுற்றிலும் தைத்துவிடலாம். விளிம்பு ஃபுட்டில் மாட்டிப் புரளாது. எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரவும் இதுவே தருணம். உள்ளிருந்து வெளியே நேர்கோடுகள் தைப்பதாக இருந்தால், விளிம்பில் ஊக்கு மட்டும் போதும். கோடுகள் தள்ளிவரும் தளர்வு வெளியேற வழி வேண்டும். விளிம்பை முன்பே பூட்டிவிட்டால் அது அங்கே மடிப்பாக நிற்கும்.

நேர்கோட்டு முறைகள்

நேர்கோடுகளைத் தொடக்கநிலை வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நன்கு இடைவெளி பிடித்த நேர்கோடுகள் கரைக்குத் தரும் உறுதியையும் தெளிவையும் வேறெந்த முறையும் எளிதில் தருவதில்லை.

பியானோக் கட்டைகள் எனப்படும் முறையில், கோடுகள் இணைப்புத் தையலுக்குச் செங்குத்தாக, உள்ளிருந்து வெளி விளிம்புவரை ஓடும். 1 அங்குல இடைவெளியில் முழுக்க இப்படித் தைப்பதாக வைத்துக்கொண்டால், முதல் கோட்டை மூலையில் தொடங்கி வரிசையாகப் போகக் கூடாது. போனால் தளர்வு முழுவதும் கடைசி மூலைக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியில் முதல் கோடு, பின் ஒவ்வொரு பாதியின் நடுவில் ஒன்று, பிறகு கட்டங்களின் தையல்கள் வந்து முட்டும் இடங்களில் ஒவ்வொன்று எனக் கரையைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இந்தக் கோடுகளை எல்லாம் பள்ளத்தில் மிகச் சிறு தையல்கள் நான்கைந்து போட்டுத் தொடங்கி, வெளிநோக்கி மட்டுமே ஓட்டிப் பஞ்சில் முடிக்க வேண்டும். கரை பகுதிகளாகப் பிடிபட்ட பிறகு, இடையிலுள்ள கோடுகளை நூலை அறுக்காமலே தைக்கலாம்: வெளியே போய், விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலத்துக்குள் 1 அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்து, உள்ளே திரும்பி, பள்ளத்துக்குள் மறைவாக 1 அங்குலம் நகர்ந்து, மறுபடி வெளியே. விளிம்பில் நகர்ந்த தையலைப் பைண்டிங் மூடிவிடும்.

மூலையில் இரண்டு திசைக் கட்டைகளும் சந்திக்கும் இடத்துக்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு 45 பாகையில் ஒரு கோடு தைத்து, இரு பக்கத்துக் கோடுகளையும் அதில் முட்டி நிறுத்தலாம். அல்லது மூலையின் 6 அங்குலச் சதுரத்தைத் தனியாகப் பிரித்து அதில் குறுக்கு நெடுக்குக் கட்டம் போடலாம். கரைப் பட்டிகள் மூலையில் கோணமாக வெட்டி இணைக்கப்பட்டிருந்தால் முதல் தீர்வும், நேராக முட்டி இணைக்கப்பட்டிருந்தால் இரண்டாவதும் கண்ணுக்கு ஒட்டிவரும். கட்டைகளின் அகலத்தை ½, 1, 1½ அங்குலம் என மாற்றி மாற்றி வைத்தால், இடைவெளியில் நேரும் சிறு பிசகுகள் கவனத்தில் படாது.

இணைப்புத் தையலுக்கு இணையாக ஓடும் கோடுகளுக்கு வேறு ஒழுங்கு வேண்டும். பள்ளத்துக்கு மிக அருகிலுள்ள கோட்டை முதலில் தைத்து, ஒவ்வொன்றாக வெளிநோக்கி வர வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் ஓடினால், வாக்கிங் ஃபுட் இருந்தும், இரண்டுக்கும் இடையே துணி சாய்ந்து இழுபட்டுச் சரிந்த சுருக்கங்கள் தோன்றும். மூலைகளில் 45 பாகைக் கோட்டை முன்பே சாக்கட்டியால் குறித்துவைத்து, ஊசியைக் கீழே இறக்கிய நிலையில் திரும்ப வேண்டும். சுற்றின் தொடக்கத்தை மூலையில் வைக்காமல் பக்கத்தின் நடுவில் வைத்தால், நூல் சேரும் இடம் தனித்துத் தெரியாது.

சாய்ந்த கோடுகளும் அவற்றின் குறுக்குக் கட்டங்களும் அழகானவை, ஆனால் அவை துணியின் கிராஸ் போக்கில், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக, ஓடுவதால் கரை எளிதில் நீளும். பழகாத கையோடு அகன்ற கரையில் இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். செய்வதானால், மூலையிலிருந்து புறப்படும் 45 பாகைக் கோட்டை அடிப்படையாக்கி, பக்கத்தின் நடுவில் கோடுகள் திசை மாறிச் சந்திக்குமாறு குறித்துக்கொண்டால், நான்கு மூலைகளும் ஒன்றுபோல் அமையும்.

வடிவங்களைப் பொருத்தும் கணக்கு

கயிற்றுப் பின்னல், தோரண வளைவு, கொடி, இறகு போன்றவற்றில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒன்றை அலகு என்று வைத்துக்கொள்வோம். கரையின் நீளத்தில் முழு எண்ணிக்கை அலகுகள் அடங்க வேண்டும், மூலை தடுமாறக் கூடாது. இதைக் கண்ணளவில் செய்ய முடியாது, கணக்கு எளிமையானதுதான்.

உயரத்தை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கரையின் அகலம் 6 அங்குலம். பள்ளத்தை ஒட்டி ½ அங்குலமும் பைண்டிங்கை ஒட்டி ½ அங்குலமும் விட்டால், வடிவத்துக்குக் கிடைப்பது 5 அங்குலம். மேல்துணியின் விளிம்பில் இன்னும் கால் அங்குலம் பைண்டிங்குக்குள் போகும் என்பதால், வெட்டிய விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளியே வடிவம் தொடங்க வேண்டும். இந்தக் கால் அங்குலத்தை மறந்தவர்களின் குயில்ட்டில்தான் இறகின் நுனிகளைப் பைண்டிங் விழுங்கியிருக்கும்.

அடுத்து நீளம். நடுப்பகுதி துல்லியமாக 60-க்கு 72 அங்குலமாக இருந்தால், 6 அங்குல அலகு குறும்பக்கத்தில் 10 முறையும் நெடும்பக்கத்தில் 12 முறையும் சரியாக அமரும். நடுப்பகுதியைத் தைத்த பிறகு அது 58¾-க்கு 71¼ அங்குலமாகச் சுருங்கியிருப்பதாகக் கொள்வோம். 58¾-ஐ 6-ஆல் வகுத்தால் 9.79, அருகிலுள்ள முழு எண் 10, ஆக அலகின் நீளம் 5⅞ அங்குலம். 71¼-ஐ வகுத்தால் 11.875, முழு எண் 12, அலகின் நீளம் 5.94 அங்குலத்துக்கு அருகில். இரண்டு பக்க அலகுகளுக்கும் இடையிலான வேறுபாடு 1/16 அங்குலம்தான். யார் கண்ணுக்கும் தெரியாது. அலகு கால் அங்குலத்துக்கு மேல் மாற வேண்டியிருந்தால், வடிவத்தையே சற்று நீட்டியோ குறுக்கியோ மறுபடி வரைவது நல்லது.

எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பதையும் பார்க்க வேண்டும். தோரண வளைவில் ஒற்றை எண் வந்தால் பக்கத்தின் நடுவில் வளைவின் தாழ்ந்த வயிறு அமையும். இரட்டை எண் வந்தால் இரு வளைவுகள் சேரும் முனை அமையும். எது வந்தாலும் சரி, நான்கு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 10-ம் 12-ம் இரண்டும் இரட்டை என்பதால் நம் எடுத்துக்காட்டில் சிக்கல் இல்லை. ஒரு பக்கம் 10, மறுபக்கம் 11 என்று வந்திருந்தால், ஒன்றை மாற்றிக் கணக்கிட வேண்டும்.

திசையுள்ள வடிவங்களுக்கு, அதாவது கொடிக்கும் இறகுக்கும், இன்னொரு கேள்வி உண்டு. நான்கு பக்கமும் ஒரே சுற்றாக வலஞ்சுழியாக ஓடலாம்; அப்போது எல்லா மூலைகளும் ஒரே மாதிரி இருக்கும். அல்லது ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் தொடங்கி இரு மூலைகளை நோக்கியும் வளரலாம். அப்போது மூலையில் இரண்டு கொடிகள் எதிரெதிராக வந்து சந்திக்கும். எதுவானாலும், மூலையின் 6 அங்குலச் சதுரத்தை முதலில் வரைந்து திருப்தியான பிறகே பக்கங்களைத் தொட வேண்டும்.

இவற்றையெல்லாம் துணியில் நேராக வரையாமல் காகிதத்தில் செய்து பார்ப்பது நல்லது. கடை ரசீதுக்குப் பயன்படும் காகிதச் சுருளில் பக்கத்தின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதில் அலகுகளை அளந்து கோடிட்டு, ஓர் அலகில் வடிவத்தை வரைந்து, மற்றவற்றுக்கு நகலெடுக்கலாம். சுருள் ஒடுக்கமாக இருந்தாலும் அலகின் பிரிவுகளைக் கரைமீது குறிக்க அது போதும். துணியில் வரைய நீரில் கரையும் நீலப் பேனா வசதியானது, ஆனால் குளிர்ந்த நீரில் அதை முழுவதும் நீக்கும்வரை இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவரக் கூடாது. சூடு பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். சூட்டில் மறையும் பேனாவோ இதற்கு நேர்மாறானது. கடுங்குளிரில் கோடுகள் மறுபடி தலைகாட்டும். அடர்நிறத் துணிக்கு வெள்ளைச் சாக்கட்டியே போதும், அது உதிர்ந்துவிடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்துகொள்ளலாம்.

கையோட்டத்தில் கொடியும் இறகும்

ஃப்ரீ மோஷனில் கரை தைக்கும்போது குயில்ட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. எல்லாத் திசைகளுக்கும் கையே நகர்த்தும். இரு உள்ளங்கைகளும் ஊசியின் இரு பக்கமும் பதிந்து, ஏறக்குறைய 8 அங்குலப் பரப்பை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பரப்பு முடிந்ததும் ஊசியைக் கீழே நிறுத்தி, கைகளை மாற்றி வைத்து, பிறகே தொடர வேண்டும். நிறுத்தும் இடத்தை இலையின் நுனியிலோ இரு கோடுகள் தொடும் புள்ளியிலோ வைத்துக்கொண்டால், மறுதொடக்கத்தின் சிறு குலுக்கல் மறைந்துவிடும். வளைவின் நடுவில் நிறுத்தினால் அது பளிச்சென்று தெரியும்.

கொடிக்கு, பக்கம் முழுவதும் தண்டை முதலில் தைக்க வேண்டும். தண்டு கரையை நீளவாக்கில் பிடித்துவிடுவதால், அதற்குப் பிறகு வரும் இலைகள் துணியைத் தள்ளாது. போகும்போது தண்டின் ஒரு பக்கத்து இலைகள், திரும்பும்போது மறுபக்கத்து இலைகள் என்று தைத்தால் நூலை அறுக்கவே வேண்டியதில்லை. தண்டின் வளைவுகளை மட்டும் கணக்கிட்டு வரைந்துகொண்டு, இலைகளைக் கையின் போக்குக்கு விடுவது எனக்குப் பிடித்த முறை. பொருத்தம் தண்டிலிருந்து வருகிறது, உயிர்ப்பு இலைகளிலிருந்து வருகிறது.

இறகும் இதே ஒழுங்கில்தான். தண்டு, பிறகு ஒரு பக்கத்து மடல்கள், பிறகு மறுபக்கம். மடலின் தலை உருண்டையாகவும், அடி தண்டை நோக்கி வழுக்கிச் சேர்வதாகவும் இருக்க வேண்டும். ஒரு மடலிலிருந்து அடுத்ததற்குப் போக, முன் தைத்த கோட்டின்மேல் சிறிது தூரம் திரும்பி ஓட வேண்டியிருக்கும். நூலின் நிறம் துணியின் நிறத்தோடு ஒத்திருந்தால் இந்த இரட்டைக் கோடு தெரியாது. மாறுபட்ட நிற நூலை இறகுக்குத் தேர்ந்தெடுப்பது தேர்ந்த கைகளுக்கு மட்டுமே உரியது. இறகைச் சுற்றிச் சிறு வட்டங்களோ நெருங்கிய வளைகோடோ நிரப்பினால் அது புடைத்து எழும். ஆனால் அந்த நெருக்கத்துக்கு ஈடாக நடுப்பகுதியிலும் நெருக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

இத்தகைய நுணுக்கமான வேலை கையால் மட்டுமே முடியும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. கென்டக்கி மாநிலத்துப் பதூகா நகரில் அமெரிக்கக் குயில்ட்டர்கள் சங்கம் நடத்தும் போட்டியில், 1989-இல் காரில் பிரையர் ஃபாலர்ட்டின் இயந்திரக் குயில்ட் ஒன்று ஒட்டுமொத்த முதல் பரிசைப் பெற்றது. இயந்திரத்தில் குயில்ட்டிங் செய்யப்பட்ட ஒன்று அங்கே அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. பாரம்பரியவாதிகள் முணுமுணுத்தார்கள், பின்னர் பழகிக்கொண்டார்கள்.

லாங்ஆர்ம் என்னும் நீண்ட கை கொண்ட குயில்ட்டிங் இயந்திரத்தில் கொடுத்துத் தைப்பவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். சட்டத்தில் ஏற்றிய குயில்ட்டில் மேல், கீழ்க் கரைகளை ஒரே ஓட்டத்தில் தைக்கலாம். பக்கக் கரைகளைக் குயில்ட்டைச் சுருட்டச் சுருட்டத் துண்டு துண்டாகத் தைக்க வேண்டும், அல்லது குயில்ட்டைக் கழற்றித் திருப்பி ஏற்ற வேண்டும். கரைக்குத் தனி வடிவம் கேட்டால் கட்டணம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேராக்கி வெட்டிப் பைண்டிங் வைப்பது

நீலப் பேனாவின் தடங்களைக் குளிர்ந்த நீரில் போக்கிய பிறகு, ஈரமாக இருக்கும்போதே குயில்ட்டைச் சுத்தமான தரைவிரிப்பின்மேல் விரித்து, எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகும்வரை கையால் தட்டிச் சரிசெய்து, ஊசி குத்தி நிறுத்தி, மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிட வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டையும் இஞ்ச் டேப்பால் அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் மூலைகள் சரி. காய்ந்த பிறகு, வெளி விளிம்பை நம்பாமல் உள்தையல் பள்ளத்திலிருந்து அளந்து, நான்கு பக்கமும் 6¼ அங்குலத்தில் வெட்ட வேண்டும். சில இடங்களில் கரை சுருங்கி அந்த அளவு இல்லாமல் போனால், மிகக் குறைந்த அளவு எங்கே கிடைக்கிறதோ அதையே நான்கு பக்கத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்துக்கும் பைண்டிங்குக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே போனால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கரை கோணலாகத் தோன்றும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பக்கம் சற்று நெளிந்தால், முதலில் கரையிலுள்ள பெரிய இடைவெளிகளில் இன்னும் ஒரு வரிசைத் தையல் சேர்த்துப் பார்க்கலாம். அதுவும் போதாவிட்டால், பைண்டிங் பட்டியில் அந்தப் பக்கத்தின் நீளத்தை அரை அங்குலம் குறைத்துக் குறித்து, குயில்ட்டின் ஓரத்தை அதற்குள் சீராகப் பரப்பி ஊசி குத்தி, வாக்கிங் ஃபுட்டால் தைத்தால் ஓரம் அடங்கும். அரை அங்குலத்துக்கு மேல் மிகுதி இருந்தால் பைண்டிங்கால் அதை விழுங்க முடியாது. கரையின் குயில்ட்டிங்கைப் பிரித்து, கரைப் பட்டியையும் அந்தப் பக்கத்தில் கழற்றி, நடுப்பகுதியின் அளவுக்கு வெட்டி மறுபடி இணைப்பதே வழி.